பல இடத்திலும் ஆடும் ஹைஸ்கூல் ரிசீவரைக் கல்லூரி ஸ்கவுட் கண்ணில் படவைப்பது எப்படி: தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களுக்கு எஸ்.ஏ.டி., ரோபாட்டிக்ஸ், ஸ்பெல்லிங் பீ என்று எதைக் கேட்டாலும் சொல்லித்தர பத்துப் பேர் இருக்கிறார்கள். பையன் ஹைஸ்கூலில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறான், ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவன்), கல்லூரியிலும் ஆடும் அளவுக்கு வருவான் என்று கோச் சொல்கிறார் என்றால் மட்டும் யாரைக் கேட்பது என்றே தெரிவதில்லை. டாலஸ் பக்கத்தில் இருக்கும் நாங்கள் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒவ்வொரு விதிக்கும் அலைந்து திரிந்துதான் இதைத் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆட்டத்தின் விதிகள் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே வேலைக்கு வருகிறேன்.

பையன் 9-ம் வகுப்பில் இருந்தால் மூன்றாம் படியை முதலில் படியுங்கள். மற்றதெல்லாம் காத்திருக்கும், அது காத்திருக்காது.

1. "இவனை எங்கே நிறுத்துவது?" என்ற கேள்விக்குப் பதில் வைத்திருங்கள்

ரிசீவர் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேலை இருக்கிறது. 'எக்ஸ்' ரிசீவர் ஸ்க்ரிமேஜ் கோட்டின் மேலேயே, ஓர் ஓரத்தில், பெரும்பாலும் தனியாக நிற்பான். எதிர் கார்னர்பேக் அவன் முகத்துக்கு நேரே நின்று கையால் தடுப்பான். அதை உடைத்துக்கொண்டு ஓட வேண்டும். 'இசட்' கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் நிற்பான். பந்து கிளம்புமுன் பக்கவாட்டில் நகரலாம், அதனால் அவனைக் கைவைத்துத் தடுப்பது கடினம். 'ஸ்லாட்' உள்பக்கம் நிற்பான். லைன்பேக்கர், சேஃப்டி என்று எதிரணித் தடுப்பாளர் பலர் நடமாடும் இடம் அது. இடைவெளி எங்கே திறக்கும் என்று ஓடிக்கொண்டே கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

பல இடத்திலும் ஆடும் பையன் இந்த மூன்றையும் செய்வான். கூடவே ஜெட் ஸ்வீப்பில், பக்கவாட்டில் ஓடிவந்தபடியே பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவான், பன்ட் ரிட்டர்ன் செய்வான், கோல் கோட்டுக்குப் பக்கத்தில் குவார்ட்டர்பேக் இடத்தில் நின்று நேரடி ஸ்னாப் (ஆட்டத்தைத் தொடங்கப் பின்னால் தரும் பந்து) வாங்குவான், பள்ளி சின்னதாக இருந்தால் டிஃபென்ஸில் சேஃப்டியும் ஆடுவான். வெள்ளிக்கிழமை இரவு கேலரியில் உட்கார்ந்து பார்க்க இதைவிடச் சந்தோஷம் இல்லை. ஆனால் இந்த நிலையில்தான் பெற்றோர் பலர் தடுக்கி விழுகிறார்கள். "எங்கே வேண்டுமானாலும் ஆடுவான்" என்று சொன்னால் கல்லூரி கோச்சுக்கு மகிழ்ச்சி வராது, குழப்பம்தான் வரும். அவர் ரெக்ரூட் செய்வது ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு. அந்த ஆண்டு அவர் பட்டியலில் "ஸ்லாட் இரண்டு, வெளி ரிசீவர் ஒன்று" என்று இருக்கும். கிரிக்கெட்டில் ஆல்ரவுண்டரைக்கூட இவன் ஆறாவதாக இறங்கும் பேட்ஸ்மேனா, நாலாவது வேகப்பந்து வீச்சாளரா என்று முடிவு செய்துவிட்டுத்தானே எடுக்கிறார்கள், அதே கணக்குதான்.

ஆகவே முதல் வேலை: ஓர் இடத்தைச் 'சொந்த இடம்' என்று முடிவு செய்வது. மற்ற திறமைகள் அதன் மேல் கூடுதல் மதிப்பாக நிற்க வேண்டும். 2021 சீசனில் சான் ஃபிரான்சிஸ்கோ 49-யர்ஸ் அணியின் டீபோ சாமுவேல் 1,405 யார்டு பிடித்தார். பந்தைக் கையில் வாங்கி 365 யார்டு ஓடி, அந்த ஓட்டத்தில் மட்டும் 8 டச்டவுன் போட்டார். அவரை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்த முடிந்தது, ஏனென்றால் முதலில் அவர் நம்பத்தக்க ரிசீவர்.

எப்படி முடிவு செய்வது? ஹடில் (பள்ளி அணிகள் ஆட்ட வீடியோ ஏற்றும் தளம்) கணக்கில் கடைசி நாலைந்து ஆட்டங்களின் முழு வீடியோவை எடுத்து, ஒவ்வொரு ஸ்னாப்பிலும் பையன் எங்கே நிற்கிறான் என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். பந்து அவனிடம் வந்த ஸ்னாப்களை மட்டும் எண்ணினால் தப்பான படம் கிடைக்கும். அப்புறம் அவனுடைய பொசிஷன் கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: "கல்லூரியில் இவன் எங்கே ஆடுவான்?" ஹைஸ்கூலில் எக்ஸ் ஆடும் 5 அடி 9 அங்குலப் பையனைக் கல்லூரி பெரும்பாலும் ஸ்லாட்டாகத்தான் பார்க்கும். சிலரை ரிசீவராகவே பார்க்காமல் கார்னர்பேக்காகப் பார்க்கும். அந்தப் பதில் மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் 10-ம் வகுப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது.

ரெக்ரூட்டிங் தளங்களில் 'அத்லெட்' என்று ஒரு வகை உண்டு. இடம் இன்னும் முடிவாகாதவர்களுக்கு அந்த முத்திரை. ஜார்ஜியாவின் காலின்ஸ் ஹில் ஹைஸ்கூலில் இரண்டு பக்கமும் ஆடி, கல்லூரியிலும் ரிசீவர், கார்னர்பேக் இரண்டையும் விடாமல் 2024-ல் ஹைஸ்மன் விருது வாங்கிய டிராவிஸ் ஹன்ட்டரைப் பார்த்து எல்லோருக்கும் ஆசை வருகிறது. அவர் விதிவிலக்கு. உங்கள் பையனின் பக்கத்தில் 'ஸ்லாட், ரிட்டர்னர்' என்றோ 'வெளி ரிசீவர், சேஃப்டி' என்றோ இரண்டே சொல் இருக்கட்டும்.

2. ஸ்கவுட்டின் கண்ணால் நீங்களே ஒருமுறை பாருங்கள்

மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன் இதைச் செய்யுங்கள். நாம் பார்ப்பது டச்டவுனை. கல்லூரிக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் பார்ப்பது அதற்கு முந்தைய மூன்று விநாடியை.

முதல் இரண்டு அடியில் தடுப்பாளரின் கையை எப்படித் தட்டிவிடுகிறான்? எல்லா ரூட்டையும் (ஓடும் பாதை) ஒரே வேகத்தில் தொடங்குகிறானா, அல்லது ஓட்டத்தைப் பார்த்தே கார்னர்பேக் ரூட்டைக் கண்டுபிடித்துவிடுகிறானா? திரும்பும் இடத்தில் இடுப்பைத் தாழ்த்தி நிற்கிறானா, குட்டிக் குட்டி அடி வைத்து வேகத்தை இழக்கிறானா? பந்தைக் கையால் பிடிக்கிறானா, மார்போடு அணைக்கிறானா? மார்பில் வாங்கும் பழக்கம் ஹைஸ்கூலில் சரியாகப் போகும், கல்லூரியில் பந்து வேகமாக வரும்போது தெறித்துவிடும்.

அடுத்தது, பந்து தனக்கு வராத ஸ்னாப்பில் என்ன செய்கிறான் என்பது. இதை நாம் கவனிப்பதே இல்லை. ஓட்ட ஆட்டத்தில் எதிர்ப் பக்கம் நிற்கும் ரிசீவர் நடந்துகொண்டிருந்தால் அது வீடியோவில் அப்படியே தெரியும். ஸ்லாட் என்று சொல்லிக்கொள்ளும் பையன் பிளாக் செய்ய மறுத்தால் பல கோச்சுகள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் ஸ்லாட்டின் வேலையில் முக்கியமான ஒரு பகுதி லைன்பேக்கரையும் நிக்கலையும் (ஐந்தாவது டிஃபென்ஸிவ் பேக்) தடுப்பதுதான். பந்து தவறியதும் தோளைத் தொங்கப்போடுவதையும் குவார்ட்டர்பேக்கைப் பார்த்துக் கையை விரிப்பதையும்கூடக் கவனிக்கிறார்கள்.

பெற்றோருக்கு எளிதில் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் ஹைஸ்கூல் மைதானத்தின் ஹாஷ் கோடுகளுக்கு (ஆட்டம் தொடங்கப் பந்தை வைக்கும் எல்லையைக் காட்டும் கோடுகள்) நடுவே 53 அடி 4 அங்குலம். கல்லூரியில் 40 அடிதான். ஹைஸ்கூலில் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் அகலப் பக்கம் 106 அடிக்கு மேல் திறந்து கிடக்கும். அந்த வெட்டவெளியில் யாருமே இல்லாமல் பிடித்த பந்துக்கு ஸ்கவுட் அவ்வளவு மதிப்புக் கொடுக்க மாட்டார். குறுகிய பக்கத்தில், எல்லைக் கோட்டுக்கும் கார்னர்பேக்குக்கும் நடுவே ஒரு காலை உள்ளே வைத்துப் பிடித்த பந்து பத்து மடங்கு பேசும். ஹைஸ்கூல், கல்லூரி இரண்டிலும் ஒரு கால் உள்ளே இருந்தால் போதும் என்பதால் அந்தப் பிடி அப்படியே கல்லூரிக்கும் செல்லும்.

3. மார்க்குதான் முதல் ஆவணம்

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மேல்மட்டங்களான டிவிஷன் 1, டிவிஷன் 2 இரண்டுக்கும் 16 'கோர்' பாடங்கள் வேண்டும். டிவிஷன் 1-க்கான கணக்கு இது: ஆங்கிலம் 4 ஆண்டு, அல்ஜீப்ரா 1 அல்லது அதற்கு மேல் கணிதம் 3, அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக 1, சமூக அறிவியல் 2, இவற்றிலிருந்தோ வெளிநாட்டு மொழி போன்றவற்றிலிருந்தோ இன்னும் 4. இந்த 16-ல் மட்டும் எடுத்த ஜி.பி.ஏ. டிவிஷன் 1-க்கு 2.3, டிவிஷன் 2-க்கு 2.2 இருக்க வேண்டும். எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண்ணை என்.சி.ஏ.ஏ. 2023-லிருந்து தகுதிக்குக் கேட்பதில்லை. கல்லூரி அட்மிஷன் தனியாகக் கேட்கலாம்.

நம் வீட்டுப் பிள்ளைக்கு 2.3 எல்லாம் ஒரு மார்க்கா என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். பொறிகள் எல்லாம் வேறு இடத்தில் இருக்கின்றன.

டிவிஷன் 1-க்கு அந்த 16-ல் 10 பாடங்களை 12-ம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் 7, ஆங்கிலம், கணிதம், அறிவியலில் இருக்க வேண்டும். அவற்றின் மார்க் அதோடு பூட்டப்படும். 12-ல் மறுபடி எடுத்து உயர்த்திக்கொள்ளலாம் என்ற கணக்கு செல்லாது.

பள்ளியில் எடுக்கும் எல்லாப் பாடமும் 'கோர்' ஆகாது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்.சி.ஏ.ஏ. ஒப்புக்கொண்ட பாடப் பட்டியல் இருக்கிறது. அவர்களின் தளத்தில் பள்ளிப் பெயரைப் போட்டால் வரும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கவுன்சிலரோடு உட்காருங்கள். கவுன்சிலர் ஹைஸ்கூல் முடிப்பதற்கான தகுதியைப் பார்ப்பார், இந்தப் பட்டியலைப் பார்ப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கோடையில் ஆன்லைனில் வேகமாக முடிக்கும் பாடங்களை எடுக்குமுன் அவை பட்டியலில் உண்டா என்று கட்டாயம் பாருங்கள். 8-ம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடித்த பிள்ளைகள் நம்மில் அதிகம். ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டில் மார்க்கோடும் கிரெடிட்டோடும் ஏறியிருந்தால் அது கணக்கில் வரும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ 9-ம் வகுப்புக்கு மேல் படித்துவிட்டு இங்கே வந்த பையன் என்றால் இன்னும் கவனம் தேவை. டிவிஷன் 1-ல் கோர் பாடங்களுக்கான காலம் அவன் முதன்முதலில் 9-ம் வகுப்பில் நுழைந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. இங்கே வந்ததும் பள்ளி அவனை மறுபடி 9-ல் போட்டால் பழைய கடிகாரம் நிற்காது. அங்கே படித்த ஒவ்வொரு ஆண்டின் மதிப்பெண் பட்டியல், போர்டு தேர்வு எழுதியிருந்தால் அதன் சான்றிதழ், தமிழில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாம் கேட்பார்கள். ஊருக்குப் போகும் கோடையில் பழைய பள்ளிக்கு நேரில் போய், முத்திரையோடு இரண்டு படியாக வாங்கி வந்துவிடுங்கள். தொலைபேசியில் சொல்லி அனுப்பச் சொன்னால் மாதக்கணக்கில் இழுக்கும்.

டெக்சஸில் இருப்பவர்களுக்கு: மார்க் போடும் காலக்கட்டத்தின் முடிவில் ஏதாவது பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் ஆட முடியாது. அக்டோபரில் மூன்று வாரம் போனால் சீசனில் மூன்று ஆட்டம் போயிற்று, மூன்று ஆட்ட வீடியோவும் போயிற்று.

4. வீடியோ

ஹைலைட் மூன்று, நான்கு நிமிடம் போதும். முதல் அரை நிமிடத்தில் பிடித்தால்தான் மீதியைப் பார்ப்பார்கள், ஆகவே நல்ல ஆட்டம் முன்னால் வரட்டும். ஆகஸ்டிலிருந்து தேதி வரிசையில் கோக்க வேண்டாம். ஸ்னாப்புக்கு முன் பையன் எங்கே நிற்கிறான் என்று அம்புக்குறியோ வட்டமோ போட்டு ஒரு விநாடி நிறுத்துங்கள். பாட்டு, மெதுவோட்டம், மின்னல் எஃபெக்ட் எதுவும் வேண்டாம்.

பல இடத்தில் ஆடும் பையனுக்கு வரிசை முக்கியம். முதல் ஆறேழு துண்டு, சொந்த இடத்தில் நின்று ஆடியவை மட்டும். அவற்றுக்குள்ளேயே வகை வேண்டும்: நெருக்கித் தடுத்தவனை உடைத்து ஓடியது, நடுவில் அடிவாங்கிக்கொண்டே பிடித்தது, தோளுக்கு மேல் பார்த்துப் பிடித்த ஆழமான பந்து, பிடித்தபின் ஒருவனைத் தாண்டி ஓடியது. அப்புறம் ஒரு நல்ல பிளாக்கை இங்கேயே வையுங்கள், கடைசிக்குத் தள்ளாதீர்கள். அதன் பிறகு ஜெட் ஸ்வீப், ரிட்டர்ன். டிஃபென்ஸ் இருந்தால் இறுதியில், அல்லது தனி வீடியோவாக. எல்லாவற்றையும் கலந்து போட்டால் பார்ப்பவருக்கு அவன் திறமைசாலி என்று மட்டும் தெரியும், தன் அணியில் என்ன வேலை கொடுப்பது என்று தெரியாது.

ஹைலைட் பிடித்துவிட்டால் அடுத்த கேள்வி, "முழு ஆட்ட வீடியோ இருக்கிறதா?" என்பதுதான். வலுவான எதிரணியோடு ஆடிய இரண்டு ஆட்டத்தைத் தயாராக வையுங்கள். அதில் அவன் நூறு யார்டு எடுத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

வீடியோவின் முதல் ஃப்ரேமில் பெயர், ஜெர்சி எண், ஹைஸ்கூல் முடிக்கும் ஆண்டு, உயரம், எடை, பள்ளி, ஜி.பி.ஏ., பள்ளி கோச்சின் தொடர்பு. வீட்டு முகவரி வேண்டாம். சீசன் முடிந்து இரண்டு வாரத்துக்குள் இதை ஏற்றிவிட்டால் டிசம்பர், ஜனவரியில் கோச்சுகள் அடுத்த ஆண்டுப் பட்டியலைப் பிரிக்கும்போது கையில் இருக்கும்.

5. அளவுகளில் பொய் வேண்டாம்

பள்ளி ரோஸ்டரில் 6 அடி என்று போட்டிருக்கும், கேம்ப்பில் செருப்பில்லாமல் நிறுத்தினால் 5 அடி 10 அங்குலம் வரும். அந்த நொடியில் மற்ற எண்கள் மேலும் சந்தேகம் விழும். உயரத்தை வெறுங்காலில், காலை நேரத்தில் அளந்து அதையே எழுதுங்கள். கை விரித்த நீளம், உள்ளங்கை அகலம் இரண்டையும் அளந்து வையுங்கள். உயரம் குறைந்த பையனுக்கு நீளமான கை இருந்தால் அது சொல்லத்தக்க விஷயம்.

40 யார்டு ஓட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச்சைக் கையால் அமுக்கினால் மின்னணு நேரத்தைவிடச் சுமார் 0.2 விநாடி குறைவாக வரும். 4.4 என்று எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் நம்புவதில்லை. நம்புவது டிராக் மீட்டில் தானியங்கிக் கருவி பதிந்த 100, 200 மீட்டர் நேரத்தை. அதனால் வசந்த காலத்தில் பையனை டிராக் அணியில் சேருங்கள். கட்டணம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வெளியில் யாரும் கேள்வி கேட்க முடியாத எண் கிடைக்கும். ஸ்லாட்டுக்கு 5-10-5 ஷட்டில் நேரமும் முக்கியம், அது திரும்பும் வேகத்தைக் காட்டும்.

6. ஒரே கோப்பில் இருக்க வேண்டியவை

9-ம் வகுப்பிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட், என்.சி.ஏ.ஏ. எண், ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்கும் உடற்தகுதிப் படிவம், சீசனுக்கு முன் எடுத்த தலைக்காய அடிப்படைச் சோதனை (கன்கஷன் பேஸ்லைன்), பழைய காயம் இருந்தால் மருத்துவரின் விடுவிப்புக் கடிதம், காப்பீட்டு அட்டையின் படி, பாஸ்போர்ட், குடியேற்ற நிலைக்கான தாள்.

என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் முதலில் இலவசக் கணக்கு தொடங்கலாம். டிவிஷன் 1, 2 கல்லூரிகள் உண்மையாக ஆர்வம் காட்டத் தொடங்கியதும் கட்டணக் கணக்குக்கு மாற்றினால் போதும். அமெரிக்கப் பள்ளி மாணவருக்கு அது நூறு டாலர் அளவில் இருக்கும். வெளிநாட்டில் படித்த ஆண்டுகள் இருந்தால் கூடுதல். பள்ளியில் இலவச மதிய உணவுத் தகுதி உள்ள குடும்பங்களுக்குக் கட்டண விலக்கு உண்டு. அமெரிக்காவில் படித்தவன் டிவிஷன் 3-க்கு மட்டும் போகப்போகிறான் என்றால் பொதுவாக இந்தப் பணம் தேவையில்லை.

விசா பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் குடும்பங்களில் இது பலரைப் பாதிக்கிறது. எச்-4-ல் இருக்கும் பையன் ஹைஸ்கூலில் ஆடலாம், கல்லூரி கொடுக்கும் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பும் வாங்கலாம். மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. அதற்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், கல்லூரி நடுவில் எஃப்-1-க்கு மாற வேண்டியிருக்கும். பெயர், படத்தைப் பயன்படுத்த நிறுவனங்கள் கொடுக்கும் பணத்தை எச்-4-லோ எஃப்-1-லோ இருப்பவர் வாங்கினால் வேலை செய்ததாகக் கருதப்பட்டு விசா நிலைக்கே ஆபத்து வரலாம். கல்லூரி அணி அலுவலகம் சொல்வதை வைத்து மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேட்பது தகும்.

7. யாருக்கு, எப்போது எழுதுவது

பையன் எந்த வயதிலும் கோச்சுக்கு எழுதலாம். டிவிஷன் 1 ஃபுட்பால் கோச் அவனுக்குத் தனிப்பட்ட முறையில் எழுத, 11-ம் வகுப்பின் செப்டம்பர் 1 வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் வருவதெல்லாம் கேம்ப் விளம்பரமும் கேள்வித்தாளும்தான். 10-ம் வகுப்பில் பதில் வரவில்லை என்று பையன் சோர்ந்துபோனால் இந்த விதியைச் சொல்லித் தேற்றுங்கள்.

தலைமைக் கோச்சுக்கு எழுதிப் பயனில்லை. ரிசீவர் கோச், அப்புறம் உங்கள் பகுதிக்குப் பொறுப்பான ரெக்ரூட்டர், இந்த இருவருக்கும் எழுதுங்கள். அணியின் தளத்தில் பெயர்கள் இருக்கும். தலைப்பு வரியில் ஹைஸ்கூல் முடிக்கும் ஆண்டு, இடம், உயரம், எடை, ஊர், ஜி.பி.ஏ. உள்ளே ஐந்தாறு வரி, வீடியோ இணைப்பு, பள்ளி கோச்சின் எண். கடிதத்தைப் பையனே எழுத வேண்டும். அப்பா அம்மா எழுதியது முதல் வரியிலேயே தெரிந்துவிடும், கோச்சுகள் அதை விரும்புவதில்லை. எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் பையனுக்குப் பொதுக் கணக்கு ஒன்று வேண்டியிருக்கும். பல கோச்சுகள் அங்கேதான் செய்தி அனுப்புகிறார்கள். பழைய பதிவுகளைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

யாரையெல்லாம் பட்டியலில் போடுவது என்பதில் நான் கொஞ்சம் அழுத்தமாகவே பேசுவேன். சனிக்கிழமை தொலைக்காட்சியில் வரும் அணிகளை மட்டும் போடாதீர்கள். 2021-ல் என்.எஃப்.எல். முழுவதிலும் அதிகப் பந்து, அதிக யார்டு, அதிக டச்டவுன் மூன்றையும் பிடித்து, சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரராகவும் ஆன கூப்பர் கப், வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவிலிருந்து ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்ற எஃப்.சி.எஸ். (டிவிஷன் 1-ன் இரண்டாம் அடுக்கு) கல்லூரிக்குத்தான் போக முடிந்தது. ஆடம் தீலன் மினசோட்டாவில் 500 டாலர் ஸ்காலர்ஷிப்போடு டிவிஷன் 2 அணியில் ஆடியவர். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பட்டியல் வழியாகக் கல்லூரி மாறும் அனுபவ ஆட்டக்காரர்களை எடுக்கவே பெரிய அணிகள் விரும்புகின்றன. ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட 'ஹவுஸ்' வழக்கில் 2025-ல் வந்த சமரசத் தீர்வுக்குப் பிறகு அதில் சேர்ந்த கல்லூரிகள் ஃபுட்பாலில் 105 பேருக்கு மேல் வைக்க முடியாது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்து முன்னேறும் இடங்கள் அங்கே குறைந்துவிட்டன.

படிப்பில் கெட்டிக்காரப் பையனுக்கு இன்னொரு வாசல் அகலமாகத் திறந்திருக்கிறது. ஐவி லீக் அணிகள் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கொடுப்பதில்லை, குடும்ப வருமானத்தை வைத்து உதவுகின்றன. எம்.ஐ.டி., ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கார்னகி மெலன், சிகாகோ பல்கலைக்கழகம் எல்லாம் டிவிஷன் 3-ல் ஃபுட்பால் ஆடுகின்றன. அங்கும் விளையாட்டுக்குப் பணம் கிடையாது. ஆனால் டிவிஷன் 3-ன் பல கல்லூரிகளில், 12-ம் வகுப்பு தொடங்கும் முன்னான கோடையில் கோச் பையனின் தாள்களை அட்மிஷன் அலுவலகத்துக்கு முன்கூட்டியே காட்டிக் கருத்துக் கேட்பார். அதற்கு டிரான்ஸ்கிரிப்ட், எஸ்.ஏ.டி. மதிப்பெண், 12-ம் வகுப்புப் பாடப் பட்டியல் மூன்றும் ஜூன் முடிவில் தயாராக இருக்க வேண்டும். கோடையில் பள்ளி அலுவலகம் மூடியிருக்கும். மே மாதமே வாங்கிவிடுங்கள்.

8. கேம்ப்: பணம் கரையும் இடம்

"உங்கள் மகனை அழைக்கிறோம்" என்று வரும் மின்னஞ்சல் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் போகிறது. என்.சி.ஏ.ஏ. விதிப்படி கல்லூரி நடத்தும் கேம்ப், பணம் கட்டும் யாருக்கும் திறந்திருக்க வேண்டும். ஆகவே அந்த அழைப்பு எதையும் குறிக்காது. கோச் பையனின் பெயரைச் சொல்லி, அவன் வீடியோவில் ஒரு ஆட்டத்தைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால் போங்கள். இல்லாவிட்டால் முதலில் வீடியோவை அனுப்பி, "பார்த்தீர்களா, எந்த இடத்துக்கு நினைக்கிறீர்கள்?" என்று பையனைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்தபின் பணம் கட்டலாம்.

ஒரு நாள் கேம்ப் கட்டணம் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் 50-லிருந்து 100 டாலருக்குள். வண்டி, ஓட்டல், சாப்பாடுதான் அதை மூன்று மடங்கு ஆக்குகிறது. ஜூன் மாதத்தில் ஒரே ஊர்ப் பக்கம் இருக்கும் இரண்டு மூன்று கல்லூரிகளைச் சேர்த்துத் திட்டமிடுங்கள். பதிவு செய்யும்போது ஒரே ஒரு இடத்தைக் கேட்பார்கள்: சொந்த இடத்தையே எழுதுங்கள். மதியம் வேறு இடத்தில் முயலச் சொன்னால் அது நல்ல சகுனம், பையன் தயங்காமல் போகட்டும்.

செவன்-ஆன்-செவன் (பக்கத்துக்கு ஏழு பேராக, எறிவதும் பிடிப்பதும் மட்டும்) கிளப்புகளுக்குச் சில நூறிலிருந்து பயணத்தோடு சேர்த்து ஆயிரங்கள் வரை போகும். ரூட் ஓடவும் பந்து பிடிக்கவும் பழக்கம் கிடைக்கும். பிளாக், அடி, நெருக்கடி எதுவும் அதில் இல்லை என்பதால் அந்த வீடியோவை முதன்மையாக அனுப்பாதீர்கள். பல ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு "நாங்கள் கல்லூரிகளுக்கு அனுப்புகிறோம்" என்று சொல்லும் சேவைகளையும் நான் தேவையில்லை என்றே சொல்வேன். அவர்கள் செய்வது மொத்த மின்னஞ்சல். பள்ளி கோச்சின் ஒரு தொலைபேசி அழைப்பு அதைவிட எடை கூடியது.

நல்ல அணி இருக்கும் பள்ளிக்கு வீடு மாறலாமா என்று யோசிப்பவர்களுக்கு: விளையாட்டுக்காக மாறியதாகத் தீர்மானித்தால் டெக்சஸில் ஓராண்டு வர்சிட்டி (பள்ளியின் முதன்மை அணி) ஆட முடியாது. மற்ற மாநிலங்களிலும் இதுபோன்ற விதி உண்டு. மாறுமுன் புதிய பள்ளியின் தடகள அலுவலகத்தில் கேளுங்கள்.

9. ஆஃபர் வந்தால்

வாயால் சொன்ன ஆஃபர் இரு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. பையன் "கமிட்" என்று பதிவு போடுவதும் அப்படித்தான். எழுத்தில் ஸ்காலர்ஷிப் ஆஃபர் 12-ம் வகுப்பின் ஆகஸ்ட் 1-க்கு முன் வராது. அதுவரை கேட்க வேண்டியது ஒன்று: "இன்று சரி என்றால் ஏற்றுக்கொள்வீர்களா?" நேரடியாகப் பதில் சொல்லாமல் "கேம்ப்புக்கு வரட்டும், பேசுவோம்" என்றால் அது இன்னும் ஆஃபர் ஆகவில்லை.

இதையும் கேளுங்கள்: ரிசீவர் குழுவில் அவன் வகுப்பு ஆண்டில் இன்னும் எத்தனை பேரை எடுக்கிறீர்கள், எந்த இடத்துக்கு எடுக்கிறீர்கள், முதல் ஆண்டில் டிஃபென்ஸுக்கு மாற்றும் எண்ணம் உண்டா. பல இடத்தில் ஆடும் பையன்களைத்தான் முதலில் மாற்றுவார்கள். மாறத் தயார் என்றால் தயார் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் இப்போதே தெரியட்டும்.

அதிகாரபூர்வ வருகை என்றால் கல்லூரி செலவு செய்யும். மற்ற வருகைகளின் செலவு உங்களுடையது. பழைய 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் கல்லூரியின் நிதி உதவி ஒப்பந்தத்தில்தான் கையெழுத்து. முதல் கையெழுத்துக் காலம் டிசம்பர் முதல் வாரம், அடுத்தது பிப்ரவரியின் முதல் புதன்கிழமை. தாள் வந்ததும் பாருங்கள்: ஓராண்டுக்கா, பல ஆண்டுக்கா; கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் இதில் எது சேர்த்தி; கோடை வகுப்புக்கு யார் கட்டுவது; காயம்பட்டால் சிகிச்சைச் செலவு எவ்வளவு காலத்துக்கு. பையனுக்கு 18 ஆகவில்லை என்றால் உங்கள் கையெழுத்தும் வேண்டும். முழுத் தாளையும் ஒரு நாள் வீட்டில் வைத்துப் படிக்க நேரம் கேளுங்கள், கொடுப்பார்கள்.

பிப்ரவரி தாண்டியும் ஒன்றும் வரவில்லை என்றால் டிவிஷன் 2, டிவிஷன் 3, என்.ஏ.ஐ.ஏ. (சிறு கல்லூரிகளின் தனி அமைப்பு) கல்லூரிகளில் வசந்த காலத்திலும் இடம் நிரப்புகிறார்கள். ஜூனியர் காலேஜ் இன்னொரு வழி. சாதாரண விண்ணப்பங்களை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள். கல்லூரிகளின் கடைசித் தேதிகள் ஃபுட்பாலுக்காகக் காத்திருக்காது, அவற்றை இலையுதிர்காலத்திலேயே அனுப்பியிருக்க வேண்டும்.